ரோபோவுக்கு அரை நம்பர் கூட

என் கணவர் குக்கோ பிறந்தது, வளர்ந்தது, என்னிடம் மாட்டிக்கொண்டது எல்லாம் லியோன் நகரத்து ஷூக்காரர்கள் தெருவில்தான். முப்பத்தொரு வருடமாக ரப்பர் சோல் வார்க்கிறார். மெக்சிகோவில் பாதிப் பேர் தன் வேலையின்மேல்தான் நிற்கிறார்கள் என்பார். பாதி மெக்சிகோவெல்லாம் இல்லை. எங்கள் தெருவில் பாதி.

போன வருடம் தொழில்நுட்பக் கல்லூரி டீச்சர் இதாலியா ஒரு பிளாஸ்டிக் அச்சோடு வந்தாள். கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினிலேயே அச்சிட்டு எடுத்ததாம். பந்து தள்ளும் போட்டிக்காக அவர்கள் கல்லூரியில் செய்த ரோபோவின் சக்கரத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி ரப்பர் உருளைகள் சாய்வாக இருக்கும். அதனால் அது நண்டு மாதிரி பக்கவாட்டிலும் ஓடும். மிருதுவான ரப்பரில் நாற்பது உருளை வேண்டும் என்றாள்.

"இதெல்லாம் நமக்கு ஜுஜுபி, டீச்சரம்மா!"

ஆழம் தெரியாமல் காலை விடுவதில் என் ஆளை மிஞ்ச ஆளில்லை. இரண்டு திரவங்களைக் கலந்தார், அச்சில் ஊற்றினார், உறைந்ததும் பிரித்தெடுத்தார். கொழுகொழுவென்று நாற்பதும் வந்தன. அன்றே தெருவெல்லாம் தம்பட்டம்: "ரோபோவுக்கே ஷூ போட்டவன் நான்!" போட்டியன்று தெருவே பஸ் பிடித்து வந்துவிட்டது. ரோபோ ஓடாவிட்டால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாது. நானும்தான்.

ரோபோவைத் தரையில் இறக்கினார்கள். உறுமியது. நகரவில்லை.

இதாலியா குனிந்து பார்த்தாள். "குக்கோ அண்ணே, உருளை ஒண்ணோட ஒண்ணு உரசுதே! அச்சை என்ன பண்ணீங்க?"

"உள்பக்கம் லேசா ராவிவிட்டேன். அரை நம்பர் கூட."

"எதுக்கு?"

"புள்ளைக்கு ஷூ எடுத்தா அரை நம்பர் கூடத்தானே எடுப்போம்? வளருமில்ல!"

"ரோபோ வளராது அண்ணே!"

"பால் குடுத்துப் பாருய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடை மொய்சேஸ் கத்தினான். பஸ் மொத்தமும் சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

குக்கோ சக்கரத்தையே ராவிவிடலாம் என்று அரத்தை எடுத்தார். பிடுங்கினேன். "செருப்புக்காகக் காலையா வெட்டுவாங்க? புது ஷூ கடிக்குதுன்னு வர்றவங்ககிட்ட நீ என்னய்யா சொல்லுவே?"

"பவுடர் போடச் சொல்லுவேன்... அடியே!"

என் கைப்பையிலிருந்த முகப்பவுடர் டப்பாவை உருளைகளின் இடுக்கில் கவிழ்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் விலகிக்கொடுத்தது. ரோபோ தும்மியதுபோல் வெள்ளைப் புகை விட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தது. எதிரணியைவிட ஒரே ஒரு பந்து அதிகம் தள்ளி ஜெயித்தோம். அரங்கமெங்கும் அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தையின் வாசனை.

இந்த வருடம் போட்டி நடத்துகிறவர்கள் விதியை மாற்றினார்கள்; ரோபோ பெரிதாக இருக்கலாம். இதாலியா பெரிய சக்கரத்தோடு வந்தாள். பழைய உருளைகளைச் சும்மா மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின.

குக்கோ அவளைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். "வளர்ற புள்ளைன்னு சொன்னேனா இல்லையா, எர்லிந்தா?"

அன்றிலிருந்து எனக்கு வாங்கிவரும் ஷூவும் அரை நம்பர் கூடத்தான். எனக்கு வயது ஐம்பத்தாறு.