கடல் இல்லாத ஊரில் கடற்கரை சுத்தம்

நான் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம் அது. தஞ்சாவூரில் சாரணியர் தேர்வு முகாம். இயக்கத்தின் மிக உயர்ந்த நிலையான குடியரசுத் தலைவர் விருதுக்கு யார் தகுதி என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். அதை வாங்காமல் சீருடையைக் கழற்றுவதில்லை என்று ஆறாம் வகுப்பிலேயே சபதம் போட்டவள் நான்.

முடிச்சுகள், முதலுதவி எல்லாம் அத்துப்படி. இடித்தது ஒன்றுதான். வாராவாரம் செய்த சமூக சேவையைப் பதிவேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். நான் எங்கே செய்தேன்? பூம்புகாரில் இருக்கும் பெரியம்மா மகள் அதே விருதை வாங்கியவள். அவளுடைய பதிவேட்டை வாங்கி வந்து, இரண்டே நாளில் ஈயடிச்சான் காப்பி அடித்தேன்.

தேர்வு நடத்திய அம்மா முதலில் விருதின் வரலாற்றைக் கேட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் மன்னர் பெயரில் இருந்த உயர்நிலை, சுதந்திரத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவர் பெயருக்கு மாறிய கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தலையாட்டியபடியே பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“ஒரத்தநாட்டுப் பக்கம்னுதானே சொன்னே? உங்க ஊர்ல கடல் எங்கம்மா இருக்கு?”

சனிக்கிழமைதோறும் கடற்கரையைச் சுத்தம் செய்ததாக எழுதி வைத்திருந்தேன்! எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல் வயல்தான். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். 

“அத்தனை வருஷ வரலாறு கடகடன்னு சொல்றே. போன சனிக்கிழமை வரலாறு தெரியலையே” என்று பதிவேட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதேன். முதலில் அவர்மேல் கோபம், அப்புறம் ஒரு பாவமும் அறியாத பெரியம்மா மகள்மேல். இறங்கும்போதுதான் என்மேல் வந்தது. வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு முகாம்தான் பாக்கி. “பன்னெண்டாவது வருதுடி, இந்தக் கூத்தெல்லாம் போதும்” என்றார் வீட்டில் என் அம்மா. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை வெங்காயத்தாமரை அடைத்துக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையே அரிவாளோடு இறங்கினேன். நடவுக்குப் போன பெண்கள், “என்ன பாப்பா, நூறு நாள் வேலையா? மத்த ஆளுங்க எங்க?” என்று கிண்டலடித்தார்கள். நான் அறுக்க அறுக்க, மறுவாரமே பழையபடி முளைத்து நின்றது. கிண்டலடித்த அக்காவே ஒருநாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்.

“மேலால அறுத்தா எப்படி? வேரோட இழுத்துக் கரையில போடு.”

கை அரித்தது, கால் வெடித்தது. ஆனாலும் அந்த வருடம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தடங்கலில்லாமல் ஓடியது.

மறுவருட முகாமிலும் தேர்வு நடத்தியவர் அதே அம்மாதான். சேறு பட்டு உப்பியிருந்த பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஓரிடத்தில், ‘இன்று போகவில்லை. காய்ச்சல் இல்லை, சோம்பல்’ என்று எழுதியிருந்தேன். அதைச் சத்தமாகவே வாசித்துச் சிரித்தவர், கையெழுத்துப் போட்டார். விருது வந்தது.

இப்போது கால்நடை மருத்துவம் படிக்கிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்காமலே பதிவேட்டில் ஒரு எண்ணைப் போட்டுவிடலாமா என்று கை பரபரக்கும்போதெல்லாம், எங்கள் ஊரில் இல்லாத அந்தக் கடல் வந்து என் காலை நனைத்துவிடுகிறது.