நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு

காலை ஐந்தே முக்காலுக்கு ஹில்யா மாட்டிலா சமையலறையில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். காலித் துப்பாக்கிதான், தோட்டாக்கள் நிலவறையில் பூட்டிக் கிடக்கும். குழலின் நுனியில் ஒரு கோட்டுப் பொத்தானை வைத்துக்கொண்டு, சுவரில் விளக்கு ஸ்விட்சின் திருகாணியைக் குறி பார்த்து விசையை அழுத்துவாள். டிக். பொத்தான் விழக் கூடாது. பத்துத் தடவை விழாமல் இருந்தால்தான் காப்பி. ஒன்பதாவதில் விழுந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாள், அடுப்பில் காப்பி கருகினாலும் சரி.

பிறகு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, சாஸரில் ஊற்றிய காப்பியை அதன் வழியே உறிஞ்சுவாள். ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு. அதற்கப்புறம் பள்ளிப் பேருந்து. இருபத்தாறு வருஷமாக மஞ்சள் வண்டி ஓட்டுகிறாள், அறுபத்து மூன்று வயதில் இன்னமும். நின்றால், பக்கத்து வீட்டுக்காரியான என் தோள் வரைதான் வருவாள். முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை வைத்தால்தான் கால் பிரேக்குக்கு எட்டும். ஆனால் சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி அடிக்கும் நாளில் மற்ற ஓட்டுநர்கள் போன் பேசிப் பேசி வண்டியை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது அவள் முதல் நிறுத்தத்தைத் தாண்டியிருப்பாள்.

அந்தப் பேருந்துப் படியிலேயேதான் போன குளிர்காலத்தில் வழுக்கி விழுந்தாள். வலது தோள் மூன்றாக உடைந்தது. உள்ளே ஓர் எஃகுத் தகடு, ஏழு திருகாணி. தையல் பிரித்த அன்று நானும் கூட இருந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயைத் தட்டிக்காட்டி, "சுடும்போது பழைய துப்பாக்கி பின்னால உதைக்கிற உதையை இந்தத் தோள் தாங்காது. இனிமே மான் வேட்டையை மறந்துடுங்க" என்றார்.

"உதை கம்மியாப் பாத்து வேற வாங்கிக்கிறேன் டாக்டர். மறக்கிறதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல."

மிச்சிகனின் இந்த வடகோடியில் நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுவார்கள். அன்று மான் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கச் சொல்வது ஹில்யாவைப் பொறுத்தவரை சவப்பெட்டியின் அளவு கேட்பது மாதிரி.

துப்பாக்கி பார்க்க ஆகஸ்ட் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தடித்த சிவப்புக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். கடையில் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கும் ஆர்விட் அவளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வெளிய அனல் அடிக்குது ஹில்யா. மயங்கிக் கியங்கி விழுந்துடாதீங்க, கோட்டைக் கழட்டுங்க."

"நவம்பர்ல இதப் போட்டுக்கிட்டுத்தானே சுடப்போறேன்? சட்டையோட பாத்து வாங்கினா கோட்டு போட்டதும் துப்பாக்கிக் கட்டை நீளமாயிடும். அப்புறம் உங்ககிட்டயே வந்து அழணும். எடுங்க ஒவ்வொண்ணா."

கண்ணை மூடிக்கொள்வாள். துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்குவாள். கன்னத்தைக் கட்டையில் பதிப்பாள். அப்புறம்தான் கண் திறப்பாள். திறந்த கண்ணுக்கு நேரே குறிபார்க்கும் ஸ்கோப்பின் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அது அவள் துப்பாக்கி. கழுத்தை ஒரு விரல் நீட்டவோ சுருக்கவோ வேண்டியிருந்தால் திரும்பக் கொடுத்துவிடுவாள். பதினோரு துப்பாக்கி. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கோட்டை மட்டும் கழற்றவில்லை.

ஆர்விட் இறகு மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார். "பொம்பளைங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. எடையே இல்ல பாருங்க."

"எடை குறைஞ்சா உதை கூடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா ஆர்விட்? தூக்கறது என் கை, அது பேருந்து ஓட்டின கை. உதை வாங்கறதுதான் தோளு."

அடுத்தது தோட்டா. பெட்டியில் அச்சடித்த எண்ணெல்லாம் எனக்குப் புரியாது. அவள் படித்துச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'டூ ஃபார்ட்டி த்ரீ' என்று ஒன்று. உதை பூனை தட்டுகிற மாதிரி. அதை வெகுநேரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "மானு என்ன போட்டோவுக்கா விலாவைக் காட்டிக்கிட்டு நிக்கப்போவுது? சாஞ்சு நிக்கும். தோள் எலும்பை ஒடைச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போகணும். இத விடக் கொஞ்சம் கனமான குண்டு வேணும்." கடைசியில் எடுத்தது 'செவன் ஓ எயிட்'. நூற்று நாற்பது கிரெய்ன் எடையுள்ள குண்டு. உதை அவளுடைய பழைய 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' துப்பாக்கி கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல். கட்டையின் பின்பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து, ரப்பர் வைத்துத் தரச் சொன்னாள். அதே தோட்டாவை மூன்று கம்பெனியில் ஒவ்வொரு பெட்டி வாங்கினாள். "துப்பாக்கிக்கு எது பிடிக்குதுன்னு அதுதான் சொல்லணும், நான் இல்ல." செப்டம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டுப் பார்த்து இரண்டு கம்பெனியைத் தள்ளினாள்.

இவ்வளவையும் அவள் தம்பி ரெய்னோ பார்த்துக்கொண்டிருந்தான். சிடார் மரச் சதுப்புக்கு நடுவே அவர்கள் குடும்பத்துக்கு ஒரு வேட்டைக் குடிசை உண்டு. ஆறு படுக்கை, நீராவிக் குளியலுக்கு ஒரு சவுனா, ஓர் இரும்படுப்பு. அப்பா போனபின் அதற்கு ரெய்னோதான் தலைவன். இரண்டு ஆள் உயரம், குரலும் அப்படி. போன வருஷம் 'த்ரீ ஹன்ட்ரட் மேக்னம்' என்று ஒரு பெரிய துப்பாக்கி வாங்கினான். நானூறு கஜத்தில் அடிக்குமாம். "நம்ம சதுப்புல நானூறு கஜம் பாக்கணும்னா மரத்தையெல்லாம் வெட்டணும்டா" என்று ஹில்யா அன்றைக்கே சொன்னாள். அவன் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் அவள் வீட்டில் நானும் இருக்கும்போது வந்தான். ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, நம்ம வேட்டை காம்ப்புக்கு ஒரு விதி வெச்சிருக்கேன். ஆட் சிக்ஸுக்குக் கொறைஞ்சது உள்ள வரக் கூடாது. நீ வா, உன் படுக்கை உனக்குத்தான். இந்த வருஷம் அடுப்பைப் பாத்துக்க. உன் கை சமையல் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு."

ஹில்யா சாஸரைக் கீழே வைத்தாள். "அப்பா வெச்ச விதி ஒண்ணுதான்டா. தட்டு. அதுல தோட்டா சைஸ் எழுதல."

"தோளை நெனச்சுத்தான் சொல்றேன்."

"தோளு என்னோடது. நீ உன் வாயை நெனச்சுக்க."

நான் சிரித்துவிட்டேன். ரெய்னோ என் பக்கம் திரும்பினான். "நீங்க வேற எண்ணெய் ஊத்தாதீங்கம்மா." நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்? "ஏம்ப்பா, நீ தட்டுக்குச் சுட்டு மூணு வருஷமாச்சே. தலைவன்னா தட்டு இல்லையா?" என்று கேட்டேன். ரெய்னோ இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தட்டு என்றால் இதுதான். நவம்பர் பதினைந்துக்கு முந்திய ஞாயிறு, மதியம், சரளைக்கல் குழிக்கு எல்லாரும் வர வேண்டும். நூறு கஜத்தில் ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டு. மேஜை கிடையாது, மணல் மூட்டை கிடையாது. காட்டில் எப்படி உட்காருவோமோ அப்படி. மூன்று குண்டும் தட்டுக்குள் விழ வேண்டும். நடுவில் ஒரு தடவை, சுடுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, வேறொருவர் தோட்டாவைப் போட்டுக்கொடுப்பார். அது நல்லதாகவும் இருக்கலாம், சுட்டு முடித்த வெற்றுக்கூடாகவும் இருக்கலாம். வெற்றுக்கூடு என்றால் டிக் என்று மட்டும் கேட்கும். அப்போது குழல் ஆடாமல் நின்றால் நல்லது. உதைக்குப் பயந்து ஆள் முன்கூட்டியே உடம்பைச் சுருக்கிக்கொண்டால் குழல் தரையைப் பார்த்துக் குத்தும். அதை மறைக்கவே முடியாது. தட்டில் தோற்றவர் அந்த வருஷம் காட்டுக்குள் போகாமல் அடுப்படியில் இருப்பார். காயத்தோடு மான் ஓடி எங்கோ சாகக் கூடாது என்பதற்காக மாட்டிலா குடும்பம் வைத்துக்கொண்ட வழக்கம் இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹில்யா முதலில் உட்கார்ந்தாள். கல்மேட்டில் முதுகைச் சாய்த்து, முழங்கால் மேல் முழங்கை. ஒன்று. அவர்களுடைய சித்தப்பா மகன் வெர்ன் தோட்டாவைப் போட்டுக்கொடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ மெல்லிய குரலில் பாடினாள். திரும்பிக் குறி பார்த்து விசையை அழுத்தினாள். டிக். குழல் கல்லில் பதித்த மாதிரி நின்றது. பிறகு இரண்டு, மூன்று. வெர்ன் ஓடிப்போய்த் தட்டைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினான். "மூணையும் ஒரு காப்பிக் கோப்பையால மூடிடலாம்!"

"காகிதத்துக்கு எலும்பு இல்ல" என்றான் ரெய்னோ.

"போன வருஷம் நீ சுட்ட மானுக்கு எலும்பு இருந்துச்சே. எங்கடா அது?"

அந்த மானை இரண்டு நாள் சதுப்பில் தேடினார்கள். ரத்தம் தண்ணீரோடு போயிற்று. ஸ்கோப் அசைந்துவிட்டது என்று அன்று ரெய்னோ சொன்னான். எல்லாரும் நம்புகிற மாதிரி தலையாட்டினார்கள்.

"உக்காரு" என்றாள் ஹில்யா. "தலைவனுக்கும் தட்டு ஒண்ணுதான்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மாட்டேன் என்பான்? உட்கார்ந்தான். மேக்னம் வெடித்ததில் என் காது அடைத்தது. தட்டின் ஓரத்தில் ஒரு கிழிசல். வெர்ன் அடுத்ததைப் போட்டுக்கொடுத்தான். ரெய்னோ குறி பார்த்தான். கண் இறுக மூடியதை நான் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். யார் இல்லை என்றாலும் நான் பார்த்ததுதான். டிக். குழல் ஒரு சாண் கீழே குத்திச் சரளையைக் காட்டியது. அவன் தோள் காது வரை ஏறிப்போய் இறங்கவே இல்லை.

"துப்பாக்கில ஏதோ கோளாறு" என்றான்.

ஹில்யா தன் துப்பாக்கியை அவன் மடியில் வைத்தாள். "இதுல சுடு."

கட்டை அவனுக்குக் குட்டை. முதுகைக் கூன் போட்டு ஒட்டிக்கொண்டான். சுட்டான். இன்னொன்று சுட்டான். வெர்ன் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினான். தட்டின் நடு. ரெய்னோ துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உதைக்கவே இல்லையே அக்கா..."

"பயமும் இல்ல பாரு. அதான் பட்டுது."

அவன் அதைத் திருப்பித் தரவில்லை. கட்டையைத் தடவிக்கொண்டே, "இத நான் இந்த வருஷம் வெச்சுக்கிட்டு, நீ..." என்று ஆரம்பித்தான்.

"முழுசாச் சொல்லு."

அவன் கட்டையிலிருந்து கையை எடுத்தான்.

"அப்பாவோட பழைய ஆட் சிக்ஸ் உன் வீட்டுலதானே சும்மாக் கெடக்குது? லேசான குண்டு போட்ட தோட்டா ஆர்விட்கிட்ட கெடைக்கும். புதன்கிழமை கொண்டா. தட்டு இங்கயேதான் இருக்கும். பட்டா காட்டுக்கு வா. படலைன்னா உருளைக்கிழங்கைச் சின்னதா நறுக்கிப் போடு, எனக்குப் பெரிசு பிடிக்காது."

வெர்ன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். ரெய்னோவுக்கும் ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினான். துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து காலி என்று காட்டினான். எழுந்து, குரலை இறக்கி, "மேடு வழுக்குது. வண்டி வரைக்கும் நானே தூக்கிட்டு வரேன் அக்கா" என்றான்.

ஹில்யா கையை நீட்டினாள். அவன் கொடுக்கும்வரை நீட்டியபடியே நின்றாள். வாங்கினாள். துப்பாக்கி வாரை வலது தோளில், தகடும் ஏழு திருகாணியும் இருக்கிற அந்தத் தோளில், மாட்டி ஒரு தடவை குலுக்கிச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறினாள்.