பன்னிரண்டு விரல்

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டில் கேட்டால் இதைவிடக் கடுமையாகச் சொல்வார்கள். கோபத்தால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்கள் பல உண்டு. அவையெல்லாம் என் சொந்தக் காரியங்கள், அதனால் போகட்டும். ஒருமுறை மட்டும் இன்னொருவருடைய படிப்பைக் கெடுக்கப் பார்த்தேன்.

இலங்கையில் ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த, பதுளைக்கு வராத காலம் அது. பதுளைக் கடைவீதியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களின் கடைகள் ஆறு. அவற்றில் என்னுடையது சிறியது. கிராமத்தாரிடம் மிளகும் பாக்கும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவேன், மிச்சத்தைக் கடையில் விற்பேன். அந்தக் கடையை எனக்கு வைத்துக் கொடுத்தவர் என் மாமனார். அவருடைய ஜவுளிக்கடைதான் வீதியிலேயே பெரியது. கோயில் திருவிழாவோ கல்யாணமோ, முதல் ஆளாக எழுந்து பேசுகிறவரும் அவர்தான்.

மாலையில் என் கடைக்குப் பத்திரிகை படிக்க ஒரு வாத்தியார் வருவார். வயது இருபத்து நாலு இருக்கும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, அவர்கள் உதவியாலேயே சென்னைக்குப் போய் பி.ஏ. முதல் வகுப்பில் தேறி வந்தார். வந்து பதுளையில் தற்காலிக வாத்தியாராக உட்கார்ந்திருந்தார். லயத்தில் பிறந்த ஒருவர் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகை படிப்பதைப் பார்க்கவே சிலர் கடைக்கு வருவதுண்டு. அப்படியாவது இரண்டு பேர் பாக்கு வாங்கினார்கள்.

ஒருநாள் அவருக்குச் சென்னையிலிருந்து, முன்பு பாடம் சொன்ன பேராசிரியரின் கடிதம் வந்தது. வாத்தியார் அதைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். ஆராய்ச்சி மாணவராக ஓர் இடம் இருக்கிறதாம். ஆனால் உதவித்தொகை கொடுக்கக் கல்லூரியில் வழியில்லையாம். கெட்டிக்காரர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியதும் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள், போன வருடமும் நல்ல பிள்ளைகளை இப்படித்தான் விட்டேன் என்று மனம் நொந்து எழுதியிருந்தார். ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் தங்கும் செலவுக்கும் யாராவது பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் இடம் இவருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

"என்னத்தை ஆராயப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தேயிலை வேருங்க. செடி பச்சையா நிக்கும். திடீர்னு காஞ்சிரும். எங்க அப்பா அதைப் பிடுங்கி வேரைக் காட்டுவாரு. வெள்ளையா ஒண்ணு படர்ந்திருக்கும். அது என்னான்னு தோட்டத்துல யாருக்கும் தெரியாது. துரைக்கும் தெரியாது."

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருக்குக் கிளாக்கர் வேலை தயாராக இருந்தது. நல்ல சம்பளம், வீடு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். பேராசிரியர் குறித்த தேதிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டுமானால் அதே வெள்ளிக்கிழமை நாலு மணித் தபாலில் சேர்த்தாக வேண்டும். அவருடைய அப்பாவுக்கு அப்போது நெஞ்சுச் சளி. வேலை கிடைக்கிறது என்று தெரிந்தும் மகன் தட்டிக் கழிக்கிறான் என்று லயத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள். தபால் தவறினால் அவர் கிளாக்கர்தான். அந்த வேரை அதன் பிறகு அவர் பார்க்கப் போவதில்லை.

நான் மற்ற ஐந்து கடைக்காரர்களிடமும் போய்ப் பேசினேன். பட்டம் வாங்கினவனுக்கு இன்னும் என்ன படிப்பு என்று புகையிலைக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான்; எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. மாமனார் மட்டும் உடனே பிடித்துக்கொண்டார். "நம்ம பிள்ளைங்க. நாம செய்யாம யாரு செய்யிறது?" என்றார். வீதி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு நடந்தார். எனக்கு அவர்மேல் அன்று ரொம்ப மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் கடையின் பின்கட்டில், பாக்கு மூட்டைகளின்மேல் ஆறு பேரும் உட்கார்ந்தோம். வாத்தியார் முன்கடை பெஞ்சில், எழுதித் தயாராக வைத்த கடிதத்தோடு இருந்தார். எத்தனை மாதம் என்ற இடம் மட்டும் அதில் காலி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் மாட்டுச் சந்தையில் பழகி, இங்கே மிளகு வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டு பேர் கைகளைச் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை சொல்வோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் சொன்னது வாய்க்கு வரக்கூடாது. வந்தால் அந்த ஆளுக்கு அப்புறம் யாரும் கை நீட்டமாட்டார்கள். என் கை சுத்தமான கை என்று பெயர். அதனால்தான் அன்றைக்கும் விரல் பிடிக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். வாயால் சொன்னால் பெரியவர் சொன்னதைப் பார்த்துச் சின்னவர் கூசுவார். அதோடு, நாளைக்கு ஊரிலுள்ள வசூல்காரன் எல்லாம் வாசலில் நிற்பான். ஒரு விரல் என்றால் ஒரு மாதச் செலவு. ஆளுக்கு இரண்டு கொடுத்தால் பன்னிரண்டு மாதம் முடிந்துவிடும் என்று பேச்சு.

புகையிலைக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு விரலை அழுத்தினார். பாத்திரக்கடை இரண்டு. மளிகைக் கடை இரண்டு. அரிசிக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்து இரண்டு. கடைசியில் மாமனாரிடம் வந்தேன். துண்டுக்குள் அவர் கை என் கைக்கு வந்தது. மூடிய கை. நான் காத்திருந்தேன். அவர் எதிரிலிருந்தவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை உருவிக்கொண்டார்.

என் இரண்டையும் சேர்த்துப் பத்து.

பன்னிரண்டு என்று நான் சொல்லியிருக்கலாம். மீதி இரண்டு மாதத்தை எப்படியாவது நானே இழுத்துப் பிடித்திருக்கலாம். கடிதம் போயிருக்கும்; யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஆனால் வீதி முழுக்கப் பேசிவிட்டு உள்ளே கையை மூடுகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அவர் வெட்கப்படட்டும் என்றுதான் உண்மையைச் சொன்னேன்.

"பத்து" என்றேன்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கை விரியவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புகையிலைக் கடைக்காரரின் பார்வை அரிசிக்கடைக்காரர் பக்கம் போனது. வீதியில் கஞ்சர் என்று பெயர் வாங்கியவர் அவர்தான். மாமனார் சிரித்தார்.

"அரிசி அளக்கிற கையாச்சே. மரக்கால்ல விரலை விட்டு அளந்து பழகிருச்சு. நீட்டுமா?"

இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அரிசிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை, இவர் கொடுத்தார் என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். அதைச் சொன்னால் வழக்கம் உடையும். சொல்லாவிட்டால் அவர் பெயர் கெடும். நான் குனிந்து துண்டை மடித்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

அரிசிக்கடைக்காரர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"தம்பி, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன். இதோட என்னை விட்ருங்க."

"அண்ணே, உக்காருங்க" என்றேன்.

"எதுக்கு உக்காரணும்? இன்னும் வாங்கிக் கட்டிக்கவா?"

பாத்திரக்கடைக்காரரும் எழுந்தார். அப்படியென்றால் எனக்கும் இது சரிப்படாது, இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். இன்னொரு நாள் என்று ஒன்று கிடையாது என்பதை நான் எத்தனை தரம் சொல்லியிருந்தேன். முன்கடைச் சுவர்க் கடிகாரம் அரை மணிக்கு ஒரு தரம் அடித்தது. மூன்றரை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்ச் கிறீச்சிட்டது. வாத்தியார் எழுந்து நிற்கிறார் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவர் போய்விடுவார் என்ற பயம் எனக்கு வந்தது.

துண்டை மறுபடி விரித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராக மாமனார் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"என்ன மாப்பிள்ளை?" என்றார்.

"கையைக் குடுங்க மாமா. சரியாப் பார்க்கலைன்னு நினைக்கிறேன்."

வேறு வழியில்லாமல் கொடுத்தார். துண்டைப் போட்டேன். அதே மூடிய கை. இந்தத் தரம் நான் விடவில்லை. மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தேன். அவர் இழுத்தார், துண்டு அசைந்தது. எழுந்து நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் காத்த வழக்கத்தை நான் அந்த இடத்தில் உடைத்துவிட்டேன்.

மாமனாரின் நெற்றியில் வேர்த்தது. என் முகத்தை அவர் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. மகளைக் கொடுத்து, கடையையும் வைத்துக் கொடுத்த மனிதர். அவர் கண்ணில் நீர் முட்டியது. எனக்கு இரக்கம் வந்தது, ஆனாலும் கையை விடவில்லை. கடைசியில் அவர் ஒரு விரலை நீட்டினார். இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவதையும் நீட்டினார்.

"பன்னிரண்டு" என்றேன்.

பாத்திரக்கடைக்காரர் திரும்ப உட்கார்ந்தார். அரிசிக்கடைக்காரர் உட்காரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு, "துண்டுக்குள்ள நான் சொன்னது சொன்ன மாதிரியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் முன்கடைக்கு ஓடி, காலி இடத்தில் பன்னிரண்டு என்று எழுதச் சொன்னேன். வாத்தியார் அவசரமாக எழுதியதில் மை கொட்டியது. அப்படியே உறையில் போட்டுத் தபால் கந்தோருக்கு ஓடினார். தபால் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்களாம், அதற்குள் கடிதத்தைச் சேர்த்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாமனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் நானே போனேன். என் முகம் பார்க்காமல் பேசினார்.

"லயத்துல பிறந்தவன் மெட்ராசுல படிச்சுட்டு வந்து எனக்கு முன்னாடி கால் மேல கால் போட்டு உக்காரணுமா மாப்பிள்ளை? ஊருக்காகப் பேசினேன். மனசு வரல்ல. அதுக்குப் போய் என் கையைப் பிடிச்சு முறுக்கிட்டீங்களே."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பல தரம் நினைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் வாத்தியார் புறப்பட்டார். விடைபெற வந்தவர் நேராக ஜவுளிக்கடைக்குப் போய் மாமனார் காலில் விழுந்தார். பாவம், துண்டுக்குள் நடந்ததை அவர் பார்க்கவில்லை; வீதியில் பேசினவரைத்தானே அவருக்குத் தெரியும். மாமனார் உள்ளங்கையை விரித்து, ஐந்து விரலும் நன்றாகப் படும்படி அவர் தலைமேல் வைத்து ஆசீர்வதித்தார். நான் எதிர்க் கடை வாசலில் நின்று பார்த்தேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருட மிளகுக்கு யாரும் எனக்குக் கை நீட்டவில்லை. விரல் பிடித்து விலை முடிக்கிற தரகு வேறொருவருக்குப் போயிற்று. என்மேல் யாருக்கும் பகையில்லை; பார்த்தால் சிரிப்பார்கள், வெற்றிலை கொடுப்பார்கள். கையை மட்டும் கொடுக்கமாட்டார்கள். அது சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இரண்டாம் வருடச் செலவுக்கு மறுபடி கூடினோம். படிப்பு நன்றாகப் போகிறது, இப்படி ஒருவரைத் தக்கவைக்க நீங்கள் உதவினீர்கள் என்று பேராசிரியர் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். துண்டு வேண்டாம், வாயால் சொல்லலாம் என்று எல்லோருமாக முடிவு செய்திருந்தார்கள். மாமனார் முதல் ஆளாக எழுந்து, "நாலு மாசம் என் பொறுப்பு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வாயால் கேட்டிருந்தால் போன வருடமே கொடுத்திருப்பார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரிசிக்கடைக்காரர் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. மற்ற நாலு பேரும் ஒன்றும் இரண்டுமாகச் சொன்னதையும் சேர்த்துப் பத்து மாதம் ஆயிற்று. இரண்டு குறைந்தது. பிறகு பார்ப்போம் என்று கலைந்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் கடையில் நான் தனியாக இருந்தேன். அரிசிக்கடைக்காரர் வந்தார். பின்கட்டுக்கு நடந்து போய், போன வருடம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து எனக்குக் கூச்சமா இருந்துச்சு தம்பி. கூட்டத்துல எனக்குப் பேச வராது" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். கையை என் பக்கம் நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டார்.

என் கை சுத்தம் என்று நம்பி அந்த வருடத்தில் நீண்ட ஒரே கை அது. உள்ளே கையைக் கொடுத்தேன். அவர் எத்தனை விரலை அழுத்தினார் என்பதை அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.