உள்ளே இருந்து தள்ளிய பஸ்

எங்கள் ஊருக்கு வந்த ஒரே பஸ்ஸுக்கு செல்ஃப் எடுக்காது. ஒரகடத்திலிருந்து உள்ளே பிரியும் மண் சாலையில் எங்கள் ஊர்தான் கடைசி. ராத்திரி வந்து தங்கும் வண்டியை டிரைவர் ஏரிக்கரைச் சரிவில், முகம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, டயருக்கு அடியில் கல் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் கல்லை எடுத்தால் போதும், வண்டி தானாக உருளும். பாதிச் சரிவில் கிளட்சை விட்டால் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்துவிடும். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதை இன்று என் மாணவிகளுக்குச் சொல்லும்போது அந்தக் கரையைத்தான் போர்டில் வரைகிறேன். படம் சுமாராகத்தான் வரும்.

அந்த வருஷம் நான் ஐந்தாவது முடித்திருந்தேன். இளம்பிள்ளை வாதத்தில் போன வலது காலுக்குக் கம்பி வைத்த பூட்ஸ். ஆறாவதுக்கு ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை என் காலைப் பார்த்தார், ஊரைக் கேட்டார், பேனாவை மூடிவிட்டார். இந்தக் காலோடு குழந்தை அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் எப்படி வரும் என்பது அவர் கேள்வி. என்னை அழைத்துப் போயிருந்த மாமா, அம்மாவின் தம்பி, லேசில் விடுகிற ஆள் இல்லை. நின்று நின்று பேசி, நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்குள் வந்து நின்றால் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் வாயால் சொல்ல வைத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அவருக்கு விசில்தான்.

வந்தது வினை. அன்று வழக்கமான டிரைவர் லீவு. மாற்றாக வந்தவர் ரொம்பப் பொறுப்பான மனிதர். சரிவில் போய் யாராவது வண்டியை நிறுத்துவார்களா என்று, களத்துக்குப் பக்கத்தில் சமதரையில் அழகாக நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டார். போதாததற்கு மழை வேறு பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் டயர் சேற்றில் அழுந்திக் கிடக்கிறது.

மாமா என்னைத் தூக்கி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பால்காரர், கீரைக்கூடைக்காரம்மா, வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள். ஊகூம். ஊரே சேற்றில் நிற்க, நான் ஒருத்தி மட்டும் மகாராணி மாதிரி மேலே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. அந்த டீச்சர் சொன்னது சரிதான் என்று தோன்றிவிட்டது.

“மாமா, நான் எறங்கிடறேன். வூட்டுக்குப் போலாம். எனக்கு ஸ்கூலு வேணாம்” என்று அழ ஆரம்பித்தேன்.

மாமா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. “எறங்கறதா? நல்லாக் கீதே கதை! நாங்க எல்லாம் தள்ளிகினு கீறோம், நீ மட்டும் சும்மா குந்திகினு வரலாம்னு பாக்கறியா? எதுர கம்பி கீதுல்ல, அத்தப் புடிச்சி உள்ளேர்ந்து தள்ளு. நீ தள்ளாததனாலதான் நவுறல” என்றார்.

அழுகை நின்றுவிட்டது. எனக்கும் வேலை இருக்கிறதே! கம்பியைப் பிடித்தேன். வெளியே ஐலசா என்று சத்தம் கிளம்பியதும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இருந்து தள்ளினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “அப்படித்தான் பாப்பா! இன்னும் கொஞ்சம், வருது, வருது!” என்று கத்தினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. முதல் அசைவுதான் கஷ்டம். நகர்ந்த பிறகு வண்டி லேசாகிவிட்டதை என் கைகளே உணர்ந்தன என்று அப்போது கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஏறி வந்த ஒவ்வொருவரும் எனக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். கீரைக்காரம்மா என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, “யம்மாடி, இன்னா பலம்!” என்றார். எனக்கு வர வேண்டிய பாராட்டுதான் என்று நானும் கம்பீரமாக வாங்கிக்கொண்டேன்.

மணியடிக்கும் பியூன் கயிற்றில் கை வைத்திருந்தபோது பள்ளிக்குள் நுழைந்தோம். எப்படி வந்தாய் என்று கேட்டார் தலைமையாசிரியை. “பஸ்ஸைத் தள்ளிட்டு வந்தேன் டீச்சர்” என்றேன். அவர் சேறு படாத என் பூட்ஸைப் பார்த்தார். பிறகு இடுப்பு வரை சேறாக நின்ற மாமாவைப் பார்த்தார். மாமா விட்டத்தைப் பார்த்தார். பேனா திறந்தது.

ஒன்பதாவதில் விசையைப் பற்றிய பாடம் வந்தது. ஓடாத பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு முன் கம்பியைத் தள்ளினால் பஸ் நகருமா என்று டீச்சர் கேட்டார். நகரும், நான் தள்ளியிருக்கிறேன் என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, பொறுமையாக அம்புக்குறி போட்டுக் காட்டினார். கை கம்பியை முன்னால் தள்ளுகிறது, அதே அளவுக்கு முதுகு சீட்டைப் பின்னால் தள்ளுகிறது, இரண்டும் அடிபட்டுப் போய்விடும். எனக்குக் காது சூடாகிவிட்டது. தள்ளாதது மட்டுமா, என் கனத்தையும் சேர்த்தல்லவா அவர்கள் தள்ளியிருக்கிறார்கள்!

அன்று மாலை பஸ்ஸில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். “என்ன நல்லா ஏமாத்திட்டியே மாமா!” என்று சண்டை போட்டு, தூசி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் அம்புக்குறிகளை வரைந்து காட்டினேன். மாமா கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, கண்டக்டரையும் பால்காரரையும் கீரைக்காரம்மாவையும் கூப்பிட்டார். “இங்க வாங்க, எங்க பொண்ணு சொல்றதக் கேளுங்க. இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு.”

இன்னொரு முறை சொன்னேன்.

“அப்போ அன்னிக்கி நீ தள்ளனது கணக்குலயே வராதா?” என்றார் பால்காரர்.

“வராது. பூஜ்யம்.”

“பூஜ்யமாம்யா!” என்று மாமா பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். கீரைக்காரம்மா இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு.

எனக்கோ எரிச்சல். பொய் சொல்லிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருநாள் நான் படித்துவிட்டு வந்து அது பொய் என்று அவர்களிடமே சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.