வெள்ளை விளிம்பு இல்லாத ஓட்டைகள்

1. தும்மல்

தும்மியதில் விலா எலும்பு உடைந்துவிட்டது என்று ஒருவர் வந்தார்.

அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டேன். பைக்கில் விழுந்தவர்கள், மெஷினில் கையை விட்டவர்கள், பஸ் படியில் தவறியவர்கள் என்று உடைந்த எலும்புகளை நிறையப் பார்த்தாயிற்று. தும்மல் என்று ஒருவர் காரணம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவரைப் பலராமன் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தாறு. வீடு ஆவடி. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மனைவி செல்வி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருந்தார்.

“தும்முனேன் மேடம், அவ்ளோதான். உள்ள டப்புனு ஒரு சவுண்டு. அப்புறம் மூச்சே வுட முடியல” என்றார்.

படம் எடுத்தேன். இடப்பக்கம் ஏழாவது விலாவில் முறிவு இருந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முறிவு இல்லாத விலாக்களும் சரியாக இல்லை. செல்லரித்த மரச்சட்டம் மாதிரி அங்கங்கே சின்னச் சின்னதாக அரிப்பு.

கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தேடினேன். இரண்டு மாதம் முன்பு இடுப்பு வலிக்காக எங்களிடமே வந்திருக்கிறார். எடுத்தது நான்தான். அந்தப் படத்தைத் திறந்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் படத்தில் முதுகெலும்பு வெளிறி, சுற்றியிருக்கும் சதையோடு கலந்த மாதிரி தெரிந்தது. ஒல்லியான ஆளுக்கு கே.வி. அதிகம் வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கே.வி. என்பது கதிரின் ஊடுருவும் சக்தி. குறைத்து வைத்து மறுபடி எடுத்தேன். இரண்டாவது படம் பார்க்க நன்றாக இருந்தது. அதை மட்டும் அனுப்பினேன். வயசுக்குரிய தேய்மானம் என்று ரிப்போர்ட் போனது. அவரும் ஊசி போட்டுக்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு, இரண்டு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறார்.

கே.வி. சரியாகத்தான் இருந்திருக்கிறது. எலும்பில்தான் சத்து இல்லை.

2. ஸ்கல் லேட்டரல்

ரேடியாலஜிஸ்ட் டாக்டர் ரகுநாதன் மதியம் வருவார். வந்ததும் விலா படத்தையும் பழைய இடுப்புப் படத்தையும் காட்டி, நான் செய்ததையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தலையைப் பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க” என்றார்.

உடைந்த விலாவோடு ஒருவரை டேபிளில் ஒருக்களிக்க வைக்க முடியாது. உட்கார வைத்தே எடுத்தேன். திரையில் படம் வந்தது. மண்டையோடு முழுக்க உருண்டையான ஓட்டைகள். பெரிதும் சிறிதுமாக, டிரில் போட்டு எடுத்த மாதிரி சுத்தமாக.

எனக்கு பயத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. எலும்பு அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. முறிந்தால் சுற்றிப் புது எலும்பு கட்டும். நாள்பட்ட சீழ் என்றால் அதைச் சுற்றி வரப்பு போடும். படத்தில் அது வெள்ளை விளிம்பாகத் தெரியும். இங்கே ஒரு ஓட்டைக்குக்கூட விளிம்பு இல்லை. ஏன் இந்த எலும்பு எதிர்ப்பே காட்டவில்லை?

யோசித்துக்கொண்டே நின்றதில் திரையைத் திருப்ப மறந்துவிட்டேன்.

“இன்னா மேடம், என் தலையா அது?” என்றார் பலராமன். “இன்னாத்துக்கு இவ்ளோ ஓட்டை கீது?”

நோயின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அது போதாது என்று தோன்றியது.

“ஒண்ணு மட்டும் நான் சொல்றேன் சார். உங்க வலி நிஜம். அதுக்குக் காரணம் இருக்கு.”

அவர் கண் கலங்கிவிட்டது. “இத எங்க சூப்பர்வைசராண்ட சொல்லுங்க மேடம்” என்றார். வேலைக்கு டிமிக்கி கொடுக்க இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார் என்று அங்கே பேச்சாம். செல்வி தலையைக் குனிந்துகொண்டார். வீட்டிலும் அந்தப் பேச்சு இருந்திருக்க வேண்டும்.

3. இடிக்கிற செல், கட்டுகிற செல்

எங்கள் லேப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் வஹீதா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு செல்வியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தாகம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, மறதி உண்டா. “எந்நேரமும் தண்ணி குடிச்சிகினே கீறாரு மேடம். நேத்து எங்க ஊட்டு கதவு எதுன்னே தெரியாம பக்கத்து ஊட்ட தட்டினாரு” என்றார் செல்வி. வஹீதா உடனே கால்சியமும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்த்து எழுதினார். இரண்டுமே ஏறியிருந்தன. புரதமும் அளவுக்கு மேல். சாயங்காலத்துக்குள் பலராமன் நகரத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தார். இன்னும் சில நாள் அந்த வலி மாத்திரைகளை விழுங்கியிருந்தால் கிட்னியைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று அங்கே சொன்னார்களாம்.

மஜ்ஜையை எடுத்துப் பார்த்து மைலோமா என்று உறுதி செய்தார்கள். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. கிருமியை எதிர்க்கும் புரதத்தைத் தயாரிக்கிற பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது.

மறுநாள் வஹீதாவிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். கேன்சர் எலும்பைத் தின்கிறது சரி, எலும்பு ஏன் திருப்பிக் கட்டவில்லை?

“கேன்சர் செல் எலும்பைத் தின்னுறதில்லக்கா. நம்ம செல்லையே வச்சுத் தின்ன வைக்குது” என்றார்.

பிறகு டெஸ்ட் எழுதிக் கொடுக்கும் ரெக்விசிஷன் ஃபார்மின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். நமக்கெல்லாம் எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். கட்டுகிறது ஆஸ்டியோபிளாஸ்ட். கரைக்கிற செல்லைக் கிளப்பிவிட ரேங்க்-எல் என்று ஒரு புரதம் உண்டு. அது மிஞ்சிப் போகாமல் பிடித்துக் கட்டிவைக்க ஓ.பி.ஜி. என்று இன்னொரு புரதம். மைலோமா வந்தால் மஜ்ஜையில் முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. கரைப்பு வேகமெடுக்கிறது.

அது பாதிக் கதைதான். அதே கேன்சர் செல்கள் டி.கே.கே.-1 என்று ஒரு பொருளையும் விடுகின்றன. கட்டுகிற செல் வளர்ந்து வேலைக்கு வரவேண்டிய சிக்னலை அது அடைத்துவிடுகிறது. இடிக்கிற ஆளுக்கு ஓவர்டைம், கொத்தனாருக்கு லீவு. அதனால்தான் விளிம்பு இல்லை. எலும்புக்கு எதிர்க்கத் தெரியாமல் இல்லை, எதிர்க்கவேண்டிய ஆளின் வாயைக் கட்டிவிட்டார்கள். கரைந்த கால்சியம் ரத்தத்தில் சேர்ந்ததுதான் அந்தத் தாகமும் குழப்பமும்.

“இன்னொண்ணு கேளுங்க” என்றார் வஹீதா. எலும்புக்குள் வளர்ச்சிக்கான பொருள்கள் பூட்டிக் கிடக்குமாம். எலும்பு கரையும்போது அவை வெளியே வந்து கேன்சர் செல்லுக்கே தீனியாகின்றன. அது கொழுக்கும், இன்னும் கரைக்க வைக்கும்.

இத்தனை வருஷம் எலும்பைப் படம் பிடித்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு பேச்சுவார்த்தை நடப்பது எனக்குத் தெரியாது. அந்த ஃபார்மை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

4. ஒரு வருஷம் கழித்து

பலராமனுக்கு வயிற்றுத் தோலில் ஊசியும் மாத்திரைகளுமாக சிகிச்சை நடந்தது. கரைக்கிற செல்லை அடக்க, தாடை எலும்பு பாதிக்கப்படாமலிருக்க முதலில் பல்லெல்லாம் பரிசோதித்துவிட்டு, மாதம் ஒரு முறை தனியாக ஒரு மருந்து நரம்பில் ஏற்றினார்கள். கிட்னி மெதுவாகத் தேறியது. ஒரு வருஷம் கழித்து நடந்தே வந்தார். முதுகெலும்பு அமுங்கியதில் இரண்டு அங்குலம் உயரம் குறைந்திருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால், அதே குடோனில் உட்கார்ந்து பார்கோடு ஸ்கேன் செய்கிற வேலை. அந்த சூப்பர்வைசரே ஏற்பாடு செய்ததாம்.

படத்தில் மண்டை ஓட்டைகள் அப்படியேதான் இருந்தன. செல்வி அதைப் பார்த்து உடைந்துபோனார். மருந்து வேலை செய்யவில்லை என்றே நினைத்துவிட்டார். டாக்டர் ரகுநாதன் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் நோய் அடங்கியிருக்கிறது. இடிப்பது நின்றிருக்கிறது. கட்டுகிறவர்கள் எழுந்து வர நாளாகும், பல இடத்தில் வராமலே போகலாம். புது ஓட்டை ஒன்றும் இல்லை, இன்றைக்கு அதுதான் நல்ல செய்தி. இந்த நோய் திரும்பி வரக்கூடியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. “வந்தா பாத்துக்கலாம் சார். இப்ப சோறு எறங்குது, தூக்கம் வருது” என்றார் பலராமன்.

போன மாதம் முகப்பேரிலிருந்து ஒரு டீச்சர் இடுப்பு வலியோடு வந்தார். முதுகெலும்பு வெளிறித் தெரிந்தது. நான் கே.வி.யில் கை வைக்கவில்லை. அந்தப் படத்தையே டாக்டரிடம் காட்டினேன். ரத்தப் பரிசோதனை எழுதினார். எல்லாம் நார்மல். வயதான பெண்களுக்கு வருகிற எலும்புத் தேய்வுதான். ரிப்போர்ட் வாங்க வந்த டீச்சர் கோபமாக இருந்தார்.

“ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா இத்தனை டியூப் ரத்தம் எடுத்தீங்க?”

“ஆமாம்மா, அதுக்குத்தான்” என்றேன்.