முதல்ல சிரிச்சது யாரு?

அரசு மருத்துவமனையில் லிஃப்டை இயக்குகிறவர் யாரையும் எளிதில் நம்பமாட்டார். ஏறுகிறவர்களுக்கு முதுகைக் காட்டியே நிற்கிற வேலை. ஆனால் பொத்தான்கள் பதித்த எஃகுத் தகட்டைத் தினமும் காலையில் துணியால் தேய்த்துக் கண்ணாடிபோல் வைத்திருப்பார். பின்னால் நிற்பவர்களின் முகமெல்லாம் அதில் தெரியும். அது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் மாடியில் அவர் மனைவிக்கு டயாலிசிஸ். ஒரே இயந்திரத்துக்கு அத்தனை பேரும் காத்துக் கிடந்ததால், வாரம் மூன்று முறை என்பது இரண்டாகிவிட்டது. கால் வீக்கம் வடியவில்லை. பக்கத்திலேயே புது இயந்திரம், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். சுகாதாரச் சட்டம் நிறைவேறட்டும், திறப்போம் என்றது ஆளுங்கட்சி. சட்டமே மோசடி, விடமாட்டோம் என்றது எதிர்க்கட்சி.

அன்று காலை இரண்டு கட்சித் தலைவர்களும் வார்டைப் பார்க்க வந்தார்கள். வாசலில் மைக்கைக் கண்டதும் ஒருவரையொருவர் நார்நாராகக் கிழித்தார்கள். பிறகு லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது.

"கொலைகாரன்னே சொல்லிட்டீங்களே தலைவரே!"

"நீங்க மட்டும் சும்மாவா விட்டீங்க?"

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"தேர்தல் வரைக்கும் இந்தச் சட்டச் சண்டை இப்படியே ஓடட்டும். தீர்ந்துபோச்சுன்னா மேடையில எதைப் பேசறது?"

மூன்றாம் மாடி வந்தது. கதவு திறப்பதற்குள் தகட்டில் இரண்டு முகமும் உர்ரென்று ஆகிவிட்டன.

மதியம் மச்சினன் தன் அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிவந்தான். ஆளுங்கட்சியில் சின்னப் பொறுப்பில் இருப்பவன். அவள் லிஃப்டின் முக்காலியில் உட்கார்ந்ததும், அவர் காலையில் நடந்ததைச் சொன்னார்.

"சும்மா அளக்காதீங்க மாமா."

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் மாப்ளே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "முதல்ல சிரிச்சது யாரு? எங்க தலைவரா, அந்த ஆளா?"

"அக்கா கால் பானை மாதிரி இருக்கு. உனக்கு இதுதான் கேள்வியா?"

"அதுக்கில்ல மாமா. அந்த ஆளுதான்னா சாயங்காலக் கூட்டத்துல வச்சு வாங்கிடலாம்."

அவள் தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த உறையை எப்பப் பிரிப்பாங்கன்னு உங்க தலைவர்கிட்ட கேட்டியாடா?"

"கேக்கறேன்க்கா. நாளைக்கே கேக்கறேன். சத்தியமா."

அவர் திரும்பவில்லை. தகட்டைப் பார்த்தார். வாய் சத்தியம் செய்துகொண்டிருந்தது. கண் கைபேசியில் இருந்தது. உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. மாலைக் கூட்டத்துக்கான சிரிப்பு.

கதவு திறந்தது. மச்சினன் கையை நீட்டினான். அதற்குமுன் அவரே மனைவியைத் தாங்கிப் பிடித்து, லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு, வார்டை நோக்கி நடந்தார்.