மணிக்கூண்டு நடத்திய விளம்பரமில்லாப் போர்

அலுவலகத்தில் அவரை மணிக்கூண்டு என்றுதான் அழைப்பார்கள். ஆள் நல்ல உயரம் என்பது ஒரு காரணம். காபி வேண்டுமா என்று கேட்டால்கூட மணியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்பது இன்னொன்று. தொலைக்காட்சியில் எந்த நிகழ்ச்சி எப்போது வரவேண்டும் என்று தீர்மானிப்பது அவர் உத்தியோகம். அதாவது, மக்கள் எப்போது அழவேண்டும், எப்போது சிரிக்கவேண்டும், எப்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரவேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். முடிசூடிய மன்னர்களுக்கும் இவ்வளவு அதிகாரம் இருந்ததில்லை. அவர் எப்போது சாப்பிடவேண்டும் என்பதை மட்டும் மனைவி தீர்மானித்தார்.

அவர் ராஜ்யத்துக்கு இரண்டு பாகங்கள்: மேட்டுப்பக்கம், கரைப்பக்கம். இரண்டுக்கும் ஒரே தொடர்தான், ஆனால் ஒளிபரப்பு தனித்தனி. மேட்டுக்கடை விளம்பரத்தைக் கரைக்காரர்களுக்குக் காட்டி என்ன பயன்? மேட்டுப்பக்கத்தார் ஒரு சேனலை வைத்தால் வைத்ததுதான். சம்பந்தம் செய்த வீடு மாதிரி, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாற்றமாட்டார்கள். கரைப்பக்கத்தார் நேர்மாறு. திரையில் சோப்பு நுரைப்பதற்குள் அடுத்த சேனலில் குடியேறிவிடுவார்கள்.

இந்த ஆராய்ச்சிக்காக மணிக்கூண்டு எங்கும் அலையவில்லை. அவர் பிறந்தது மேட்டில், பெண் எடுத்துக் குடியிருப்பது கரையில். மேட்டிலிருக்கும் அவர் அக்கா ஒருமுறை தண்ணீர்க்குழாய் விளம்பரத்துக்கே கண்கலங்கியவர். மனைவியோ ஒரே நேரத்தில் மூன்று தொடர் பார்த்து, மூன்றிலும் யார் யாருக்கு எதிரி என்று பிசகாமல் சொல்பவர்.

தெருவின் எதிர்ச்சாரியில் எதிரி சேனல். அங்கேயும் ஒரு மணிக்கூண்டு இருந்திருக்கவேண்டும். இவர் பேய்க்கதை போட்டால் அவன் இரட்டைப் பேய்க்கதை போடுவான். இவர் கல்யாணம் வைத்தால் அவன் அதே நேரத்தில் கல்யாணத்தை நிறுத்துவான். பல மாதங்களாகக் கரை முழுக்க அவன் பக்கம் சாய்ந்து கிடந்தது.

ஒருநாள் வியாபார மேலாளர் மணிக்கூண்டைக் கூப்பிட்டார். "உங்க தொடர் இந்த வெள்ளிக்கிழமை முடியுது. அன்னைக்குக் கரையில ஜெயிக்கணும். மேட்டையும் விட்டுடக் கூடாது. இல்லேன்னா ராத்திரி ஒன்பது மணியை வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்."

"அப்ப நான் சார்?"

"விடியக்காலம் அஞ்சு மணி காலியாத்தானே இருக்கு. மெத்தை விக்கிற நிகழ்ச்சி. பாத்துக்கங்க."

ஒன்பது மணியை ஆண்ட கை மெத்தையைத் தட்டிக் காட்டுவதா? உலகம் விழித்திருக்கும் நேரத்தை இழந்து, உலகம் மெத்தையில் கிடக்கும் நேரத்தில் மெத்தை விற்பதா? மணிக்கூண்டு அன்றிரவு தூங்கவில்லை. படுத்தால் மெத்தை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அந்தத் தொடரில் குடும்பத்துப் பெரியவரை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றவர் யார் என்பது கடைசி நாளில்தான் தெரியும். ரகசியம் கசியக் கூடாதென்று இயக்குநர் மூன்று முடிவுகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் பெரியவரின் மகள், ஒன்றில் மருமகள், இன்னொன்றில் காவலாளி. மகள்தான் கொலைகாரி என்று நிலையம் முடிவு செய்திருந்தது. எதிரி சேனலிலும் அதே ஒன்பது மணிக்கு அவர்கள் தொடரின் கடைசி நாள். கேட்கவேண்டுமா!

கட்டுப்பாட்டு அறையில் மூன்று திரைகள்: மேடு, கரை, எதிரி. பொத்தான்களின் முன்னால் பொத்தானக்கா. அந்த நாற்காலியில் தலைநரைத்தவர்.

"அக்கா, கரைக்கு இன்னைக்கு விளம்பரமே கிடையாது. அவன் மொதல்ல விளம்பரத்துக்குப் போகட்டும். போனா அத்தனை பேரும் ஓடி இங்கதானே வரணும்?" என்றார் மணிக்கூண்டு.

"மேட்டுக்கு?"

"அவங்க எங்க போகப்போறாங்க? வழக்கம்போலப் போடுங்க."

"போர்னு வந்துட்டா விசுவாசிங்கதான் வெயில்ல நிக்கணும்" என்றபடி பொத்தானக்கா விரலைச் சொடுக்கிக்கொண்டார்.

முதல் இடைவேளை நேரம் வந்தது. மேடு பற்பசை பார்த்தது. கரையில் மருமகள் கதறினாள். எதிரி அசையவில்லை! அவனும் காத்திருக்கிறான்! இரண்டாம் இடைவேளை வந்தது. மேடு கூரைத்தகடு பார்த்தது. எதிரி அப்போதும் அசையவில்லை. எதிர்க்கட்டிடத்து ஜன்னலில் ஒரு நிழல் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. மணிக்கூண்டும் நடந்தார். வியாபார மேலாளரிடமிருந்து போன் அலறியது. பொத்தானக்கா போனை எடுத்து, "சார் குளியலறையில இருக்காரு" என்று சொல்லி வைத்தார்.

திடீரென்று எதிரித் திரையில் ஒரு பெண் தலைமுடியை உதறிச் சிரித்தாள். ஷாம்பு!

"போயிட்டான்! போயிட்டான்!" மணிக்கூண்டு குதித்ததில் தலை விளக்கில் இடித்தது. பொத்தானக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். சரியாக அந்த நேரத்தில் கரைத்திரையில் மகள் வாக்குமூலம் கொடுத்தாள்: "ஆமா, நான்தான் தள்ளினேன்!" கதை முடிந்தது. கரை வென்றது. தேக்கி வைத்த விளம்பரமெல்லாம் மதகு திறந்ததுபோல் கொட்ட ஆரம்பித்தது.

கைபேசி அடித்தது. மேட்டிலிருந்து அக்கா.

"என்னடா தம்பி, மகதான் கொன்னாளாமே?"

மணிக்கூண்டு மேட்டுத்திரையைப் பார்த்தார். மேட்டில் கதை இன்னும் வாக்குமூலத்துக்கு வந்து சேரவில்லை. "யாருக்கா சொன்னா?"

"வேற யாரு, உன் பொண்டாட்டிதான். 'பாத்தீங்களா, கட்டிக்குடுத்த பொண்ணுங்க பொறந்த வீட்டுல பண்ற வேலையை'ன்னு சிரிக்கிறா. பக்கத்து வீட்டுக்கும் கரையிலேர்ந்து போன் வந்துடுச்சாம். தெருவே கொந்தளிக்குது. இனிமே எதுக்கு உக்காந்து உன் கூரைத்தகட்டைப் பாக்கணும்? உன் மாமா ரிமோட்டைத் தேடறாரு."

கரையில் விளம்பரமில்லாததால் கதை முந்திவிட்டது. முந்திய கதை போனில் ஏறி மேட்டுக்கு வந்துவிட்டது. கரைக்கு ஒரு நாத்தனார் மேட்டில் இருப்பாள் என்பதை, அப்படி ஒருத்தியைத் தன் குடும்பத்திலேயே வைத்திருந்தவர் மறந்துபோனார்!

"அக்கா, மாத்திடாதேக்கா! அது பொய்!"

"பொய்யா?"

"பொய்தான்! ஒரு நிமிஷம் பொறு." போனைப் பொத்தினார். "பொத்தானக்கா! மேட்டுக்கு ரெண்டாவது முடிவைப் போடணும். மருமக கொன்ன முடிவு!"

"மேலதிகாரியைக் கேக்க வேணாமா?"

"கேட்டா விடிஞ்சுடும். அஞ்சு மணிக்கு மெத்தை!"

பொத்தானக்கா கணினியில் தேட ஆரம்பித்தார். காவலாளி வந்தான். மூடினார். மகள் வந்தாள். மூடினார். மறுபடியும் காவலாளி. போனில் மாமாவின் குரல் கேட்டது: "சோபாவுக்கு அடியில இருக்கு, கிடைச்சுடுச்சு!"

"அக்கா, மாமாவைத் தடு!"

"வேலை செய்யலையேடி இது" என்றது போனில் மாமாவின் குரல். "பேட்டரி செத்துருக்கு. கடிகாரத்துல இருக்கறதைக் கழட்டு."

பொத்தானக்கா மேட்டு விளம்பரத்தை நீட்டினார். அடியில் ஓர் எழுத்துவரியை ஓடவிட்டார்: 'காதால் கேட்பது பொய். காத்திருந்து காண்பதே மெய்.' பழமொழியைத் திருத்த அவருக்கு அதிகாரம் கிடையாதுதான். போர்க்காலத்தில் யார் கேட்கிறார்கள்?

"கழட்டிட்டேன்!" என்றார் மாமா.

"கிடைச்சுடுச்சு!" என்றார் பொத்தானக்கா.

மேட்டுத்திரையில் மருமகள் புடவைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்: "ஆமா, நான்தான் தள்ளினேன்!"

போனில் அக்காவின் குரல் ஆனந்தத்தில் துள்ளியது. "மருமகளா? அப்பவே நெனச்சேன்! வையிடா போனை. உன் பொண்டாட்டிகிட்டப் பேசணும்."

அன்றிரவு மேட்டுக்கும் கரைக்கும் நடுவே எத்தனை போன் பறந்தது என்பதற்குக் கணக்கில்லை. இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்த சாட்சிகள். ஒரு பக்கம் சத்தியம் செய்தது, மறுபக்கமும் செய்தது. மறுநாள் நிலையத்தின் போன்களை எடுக்க ஆள் போதவில்லை. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். எதிராளியின் பொய்யைப் பார்ப்பதற்காகவே இரண்டு பக்கமும் விளம்பரத்தோடு உட்கார்ந்து பார்த்தது. கரைக்காரர்கள்கூட அசையவில்லை.

வியாபார மேலாளர் மணிக்கூண்டைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். "ஒன்பது மணி உங்களுக்குத்தான். ஆனா தொடர் முடியக் கூடாது. ரெண்டு பேரும் கொன்னதா வரணும், யாரும் கொல்லாததாவும் வரணும்."

மணிக்கூண்டு வீடு திரும்பியபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார். மேஜைமேல் போன், அதில் அக்கா, சத்தமாக.

"இப்பச் சொல்லுங்க. யார் கொன்னது?" என்றார் மனைவி.

"உண்மையைச் சொல்லுடா. பொறந்த வீடா, பொண்டாட்டியா?" என்றது போன்.

மணிக்கூண்டு செருப்பைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னார். "பெரியவர் சாகவே இல்லை."

நாத்தனாரும் தம்பி மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒரே குரலில் திட்டினார்கள். ஏமாற்றுக்காரன் என்றார்கள், குடும்பத்தைப் பிரிப்பவன் என்றார்கள், இனி அந்தச் சேனலின் பக்கமே தலைவைக்க மாட்டோம் என்றார்கள். அக்கா மூச்சு வாங்க நிறுத்தினார்.

"ஏங்க, அப்ப அவர் எங்கதான் இருந்தாராம்?" என்று மனைவி மெல்லக் கேட்டார்.

"திங்கட்கிழமை பாருங்க" என்றார் மணிக்கூண்டு, நெஞ்சை நிமிர்த்தி. "ஒன்பது மணிக்கு. என்னோட ஒன்பது மணிக்கு."